அந்துப்பூச்சி மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், "1947-இல் கணினிக்குள் ஒரு பூச்சி சிக்கியது; அன்று பிறந்ததுதான் ‘பக்’ என்ற சொல்" என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் பூச்சிக்கும் ‘பக்’தான், கணினி நிரலில் வரும் பிழைக்கும் ‘பக்’தான்; அதனால் வந்த வினை. எழுதியவர் அவசரத்தில் இருந்திருப்பார், போகட்டும். உங்கள் கண்ணுக்கும் எப்படித் தப்பியது? உங்களுக்குத் தெரியாததா!

ஹார்வர்டு மார்க் 2 என்ற அந்தக்காலக் கணினியின் ரிலே ஒன்றில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் ஒன்றில், அந்துப்பூச்சி சிக்கியது நிஜம்தான். 1947 செப்டம்பர் 9. அதைப் பதிவேட்டிலேயே ஒட்டி, ‘உண்மையாகவே பக் அகப்பட்டது இதுவே முதல் முறை’ என்று எழுதிவைத்தார்கள். அந்த ஏடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘உண்மையாகவே’ என்று எழுதினார்கள் என்றால், அதற்கு முன்பே வேறு வகை பக்குகளோடு மாரடித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அவர்கள் அடித்த கேலியை நீங்கள் வரலாறாக்கிவிட்டீர்கள். கருவிகளில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை ‘பக்’ என்று தாமஸ் எடிசன் 1878-இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். போதாததற்கு, பூச்சியைப் பிடித்தவர் கணினித்துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் என்று படத்துக்குக் கீழே வேறு போட்டிருக்கிறீர்கள். அவர் அந்தக் கதையை மேடை மேடையாகச் சுவைபடச் சொன்னவர், பிடித்தவர் அல்லர்.

இது முதல் தடவை என்றால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைப் பற்றிய கட்டுரைக்கு, ஆங்கில ‘சூப்பர்பக்’கை அப்படியே பெயர்த்து ‘சூப்பர் பூச்சிகள்’ என்று தலைப்பிட்டு, பெரிதாகக் கரப்பான்பூச்சி படம் போட்டது நீங்கள்தானே? மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு 1945-இல் பரிசாக வந்த மரச்சின்னத்துக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்ததையும், அது 1952-இல்தான் அகப்பட்டதையும் அழகாக விவரித்துவிட்டு, ‘மரத்துக்குள் இருந்த பூச்சி’ என்று முடித்தீர்கள். அந்தக் கருவிக்கும் ஆங்கிலத்தில் ‘பக்’ என்றுதான் பெயர்; தமிழில் இல்லை. சின்னத்தைச் செல் அரித்துவிட்டதாக நினைத்த வாசகரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் விளக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். ‘கட்டுரை அருமை’ என்ற இரண்டே சொற்களாகச் சுருக்கி என் பெயரில் வெளியிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

பூச்சியியல்காரர்களைக் கேட்டால், உறிஞ்சும் அலகு கொண்ட ஹெமிப்டெரா என்ற பூச்சி வரிசைக்குத்தான் ‘பக்’ என்ற பெயர் பொருந்தும் என்பார்கள்: மூட்டைப்பூச்சி, சிள்வண்டு, அரக்குப்பூச்சி. அந்துப்பூச்சிக்கு அதில் இடமே கிடையாது. 1535-இல் வந்த கவர்டேல் ஆங்கில வேதாகமத்தில் ‘இரவில் வரும் பக்குகளுக்கு அஞ்சவேண்டாம்’ என்று ஒரு வரி உண்டு. அங்கே அது பூச்சியே இல்லை, பூச்சாண்டி. இதையெல்லாம் வைத்து ஒரு முழுப் பக்கமே எழுதியிருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். மென்பொருள் சோதனையாளனாகவே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ‘பக் வந்திருச்சு சார்’ என்பார்கள், ஏதோ மழை வந்தமாதிரி. ‘நான் தப்பா எழுதிட்டேன்’ என்று ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. ஆதாரத்தோடு கொண்டுபோய்க் காட்டினால், ‘அது பக் இல்ல, டிசைனே அப்படித்தான்’ என்று பதில் வரும். பதவி உயர்வு பதில் சொன்னவருக்கு; ‘குறை கண்டுபிடிக்கிற ஆள்’ என்ற பட்டம் எனக்கு. பக் என்று சொல்லாதீர்கள், பிழை என்று சொல்லுங்கள், அப்போதுதான் பழி எழுதியவனிடம் போய்ச்சேரும் என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988-லேயே எழுதினார். யார் கேட்டார்கள்? ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி இடம் மிச்சம் பிடித்தது மனிதர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. 2000 நெருங்கியதும், ‘00’ என்பதைக் கணினி 1900 என்று எடுத்துக்கொள்ளுமே என்ற பயம் வந்தது; அதற்கும் ‘மில்லினியம் பக்’ என்று பெயர் சூட்டிக் கைகழுவினார்கள்.

ஓய்வுபெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. என் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டு அலைந்தால், கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, ‘சிஸ்டம்ல பக் சார், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது’ என்றார். யாரும்! எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் ஒருவரும் இல்லையாம். எங்கிருந்தோ ஒரு பூச்சி பறந்துவந்து என் பணத்தைத் தின்றுவிட்டதாம். அந்தப் பெண்ணுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததில் உங்கள் அறிவியல் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். படம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மென்பொருள் சோதனையாளன்