மூட்டையைப் பார்க்கிறீர்கள், திரும்பும் வழியைக் கேட்பதில்லை

மலையேற்ற, கானகப் பயணக் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். காட்டுக்குள் போன ஒருவர் இறந்தார் என்ற செய்தி வந்ததும் உங்களிடையே முதலில் எழும் கேள்வி, "கையில் என்னென்ன வைத்திருந்தார்?" என்பதுதான். பட்டியல் சிறியது என்று தெரிந்தால் போதும், "அசட்டுத் துணிச்சல்" என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியையே மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எம்மா கேட்வுட் 1955இல், தம் 67ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல். கூடாரமும் இல்லை, தூங்கும் பையும் இல்லை. தாமே தைத்த துணிப்பை, கேன்வாஸ் காலணி, மழைக்கு ஒரு குளியலறைத் திரை, அவ்வளவுதான். இன்று உங்கள் குழுவில் சேர வந்திருந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆனால் அந்த அம்மையார் பண்ணையில் உழைத்து உரமேறியவர். எந்தச் செடியைத் தின்னலாம் என்று அறிந்தவர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. 1954இல் மெய்ன் மாநிலக் காட்டில் வழிதவறியபோது, வனக்காவலர்கள் சொன்னதைக் கேட்டு அவர் வீடு திரும்பினார். மறு ஆண்டு மீண்டும் போனார்.

கிறிஸ்டோபர் மெக்கண்ட்லெஸ் 1992 ஏப்ரலில் சில கிலோ அரிசியோடும் ஒரு சிறு துப்பாக்கியோடும் அலாஸ்காக் காட்டுக்குள் போனார். வயது 24. இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜூலையில் ஊர் திரும்பப் புறப்பட்டும் வந்தார். வரும்போது எளிதாகக் கடந்த டெக்லனிக்கா ஆறு, பனிப்பாறை உருகிப் பெருவெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. சற்றுத் தொலைவில் ஆற்றின் குறுக்கே கம்பியில் ஓடும் கூடை இருந்தது. அதைக் காட்டும் வரைபடம் அவரிடம் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று குடும்பத்தாருக்கும் தெரியாது. செப்டம்பரில் உடல்தான் கிடைத்தது.

காட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பேருந்தில்தான் அவர் தங்கினார். பிறகு அதைத் தேடிப் பலர் போனார்கள். அந்தப் பேருந்துக்குப் போகும் தடத்தில் இரண்டு பெண்கள், 2010இலும் 2019இலும், அதே ஆற்றில் மாண்டார்கள். இருவருமே துணையோடு போனவர்கள். கடைசியில் 2020 ஜூனில் அந்தப் பேருந்தை ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. பனிப்பாறை ஆறுகள் பிற்பகல் வெயிலில் பெருகும், விடியற்காலையில் தணியும். பொழுது விடியும்வரை கரையில் காத்திருக்க எந்தச் சாதனமும் தேவையில்லை. விடிந்தும் தணியாவிட்டால் வந்த வழியே திரும்பும் மனம்தான் வேண்டும்.

நானும் ஒரு முறை நல்ல சாதனங்கள் நிறைந்த கனத்த மூட்டையோடு மலைமுகடு ஏறினேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூடுபனி இறங்கியது, மழை பிடித்தது. நனைந்த உடையில் இரவு முழுதும் நடுங்கினேன். ஈரமும் காற்றும் சேர்ந்தால், தண்ணீர் உறையாத குளிரிலும் உடற்சூடு இறங்கி உயிர் போகும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னைத் தேட யாருமே கிளம்பியிருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை. நான் செய்ததுதான் அசட்டுத் துணிச்சல். கேட்வுட் செய்தது அல்ல.

ஆகவே, அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுப்பவரின் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் முன்பு, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: போகும் வழி எது, எந்த இடத்தில், என்ன நடந்தால் திரும்புவார், எந்த நேரத்துக்குள் வராவிட்டால் தேட ஆள் அனுப்ப வேண்டும். அந்தத் தாளைப் பயணத்துக்கு வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடந்த ஒருவன்