கூட்டுக் கொண்டாட்டம் ஒரு மாலையோடு முடிந்துவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெவ்வேறு கிறிஸ்தவப் பிரிவுகளைச் சேர்ந்த திருச்சபைகள் ஒன்றுகூடித் திருநாள்களைக் கொண்டாடுவது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியுடன் படித்தேன். இத்தகைய கூட்டு வழிபாடுகளில் பல ஆண்டுகளாகப் பங்கேற்று வருபவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒரு செய்தியைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு கூட்டுக் கொண்டாட்டம் உண்மையானதா என்பது, அதை யார் யார் சேர்ந்து திட்டமிட்டார்கள் என்பதையும், அது முடிந்த பிறகு அத்திருச்சபைகள் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதையும் பொறுத்தே அமைகிறது.

பேராயரும் அருள்தந்தையும் போதகரும் ஒரே மேடையில் அமர்வதை வெறும் சடங்கு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பிற திருச்சபைகளின் வழிபாட்டில் கத்தோலிக்கர் ஈடுபாட்டுடன் பங்கேற்பதைத் தடை செய்திருந்தது. மறுபக்கத்திலும் கதவுகள் திறந்திருக்கவில்லை. அடுத்த கோவிலுக்குள் காலடி வைத்தாலே விசுவாசம் கெட்டுவிடும் என்று பிள்ளைகளை எச்சரித்து வளர்த்த குடும்பங்கள் எல்லாப் பிரிவுகளிலும் இருந்தன. 1964 ஜனவரியில் எருசலேமில் திருத்தந்தை ஆறாம் பவுலும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை அத்தனகோரசும் சந்தித்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் கத்தோலிக்க ஆயர்களின் பொதுப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய தன் ஆணையை வெளியிட்டது. 1054இல் ரோமைத் திருச்சபைத் தரப்பும் கான்ஸ்டான்டிநோபிள் தரப்பும் ஒன்றன்மீது ஒன்று விதித்த சாபத்தீர்ப்புகள் (திருச்சபையிலிருந்து விலக்கும் தீர்ப்புகள்), 1965 டிசம்பர் 7ஆம் நாள் நினைவிலிருந்து அகற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டன. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்த கசப்பு அது. இன்று நாம் எளிதாக எடுத்துக்கொள்ளும் ஒரு கூட்டு ஜெபத்திற்குப் பின்னால் இத்தனை பேரின் துணிவு இருக்கிறது.

இருப்பினும், நம்முடைய கூட்டு விழாக்கள் பெரும்பாலும் நடக்கும் முறை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு பெரிய திருச்சபை நாளையும் இடத்தையும் வழிபாட்டு முறையையும் முடிவு செய்துவிடுகிறது. பிறகு மற்றவர்களுக்கு அழைப்பிதழ் போகிறது. ஒரு பிரிவுக்குப் பாடல், இன்னொரு பிரிவுக்கு வேதபாடம், மூன்றாவது பிரிவுக்கு நிறைவு ஆசீர்வாதம் என்று நிகழ்ச்சிகள் பங்கு பிரிக்கப்படுகின்றன. வந்தவர்கள் எல்லாரும் விருந்தினராக வந்து விருந்தினராகவே திரும்பிச் செல்கிறார்கள். சிறிய சபையின் போதகருக்குக் கடைசி வரிசையில் ஓர் இருக்கை கிடைக்கும். அவருடைய சபையில் மக்கள் எப்படி ஜெபிக்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இதற்கு நல்ல மாற்று ஏற்கெனவே இருக்கிறது. 1908இல் தொடங்கி, பல நாடுகளில் ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கடைப்பிடிக்கப்படும் கிறிஸ்தவ ஒன்றிப்பு மன்றாட்டு வாரத்தின் வழிபாட்டு ஏடுகளை, 1968 முதல் பல பிரிவுகளின் திருச்சபைகள் உறுப்பினராக உள்ள உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆணைக்குழுவும் வத்திக்கானும் இணைந்தே தயாரித்து வருகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டின் அல்லது வட்டாரத்தின் கிறிஸ்தவர்கள் பல பிரிவுகளிலிருந்தும் கூடி அமர்ந்து அதன் முதல் வரைவை எழுதுகிறார்கள். எந்த வேதபகுதியை எடுப்பது, எந்த மன்றாட்டை எந்தச் சொற்களில் சொல்வது என்று அவர்கள் விவாதிக்கும்போதே ஒன்றிப்பின் பாதி வேலை நடந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

2016 அக்டோபர் 31ஆம் நாள் சுவீடனின் லுண்ட் பேராலயத்தில் நடந்த கூட்டு வழிபாட்டையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். லூத்தரின் சீர்திருத்தத்தின் ஐந்நூறாம் ஆண்டைத் தொடங்கிவைத்த அந்த வழிபாட்டைத் திருத்தந்தை பிரான்சிசும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் தலைவர் ஆயர் முனிப் யூனானும் சேர்ந்து நடத்தினார்கள். முந்தைய நூற்றாண்டு விழாக்கள் எதிர்த்தரப்பைத் தாக்கும் பிரசங்கங்களுக்கும் துண்டறிக்கைகளுக்கும் பயன்பட்டவை என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும். அவ்வழிபாடு நன்றி செலுத்துதலோடு நின்றுவிடவில்லை. பிரிவினைக் காலத்தில் ஒருவருக்கொருவர் இழைத்த தீங்குகளுக்காக மனம் வருந்துவதும், இனி சேர்ந்து சாட்சியம் பகர்வதாக உறுதியேற்பதும் அதன் பகுதிகளாயின. அதே நாளில் மால்மோ நகரில் கத்தோலிக்கரின் காரித்தாஸ் அமைப்பும் லுத்தரன் உலகப் பணி அமைப்பும் துயருறுவோருக்கான தொண்டில் இணைந்து செயல்பட ஒப்பந்தம் செய்துகொண்டன. கொண்டாட்டத்தையும் மனவருத்தத்தையும் தொண்டையும் ஒரே நாளில் பிணைத்த அந்த முறையை உள்ளூர்ச் சபைகளும் பின்பற்றலாம் என்று மனமார நம்புகிறேன்.

பிரிவுகளின் வேறுபாட்டை மறைத்துக்கொண்டு கொண்டாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணை மேசையில் நாம் இன்னும் ஒன்றாகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் பொதுவாகப் பிற பிரிவினரை அதில் பங்குபெற அனுமதிப்பதில்லை. பல சீர்திருத்தத் திருச்சபைகள் அனுமதிக்கின்றன. வெவ்வேறு பிரிவுகளிலிருந்து வந்து மணமுடித்த கணவனும் மனைவியும் இந்த வேதனையை ஞாயிறுதோறும் அறிகிறார்கள். இறையியலாளர் மாநாட்டில் தீராத வினா அவர்களுடைய வீட்டில், பிள்ளைகளின் கேள்வியாக வந்து நிற்கிறது. ஆகையால் கூட்டு விழாவின் மையத்தில், பெரும்பாலான திருச்சபைகள் ஒன்று மற்றொன்றினுடையதை ஏற்றுக்கொள்ளும் ஞானஸ்நானத்தை வைக்கலாம் என்பது என் யோசனை. 2007இல் ஜெர்மனியின் மக்டபர்க் பேராலயத்தில் கத்தோலிக்க, லுத்தரன், ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் உட்படப் பதினொரு திருச்சபைகள் ஞானஸ்நானத்தைப் பரஸ்பரம் அங்கீகரித்துக் கையெழுத்திட்டன. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கு இதில் தயக்கம் உண்டு என்பதை அறிவேன். அவர்களோடு வேதவாசிப்பையும் ஜெபத்தையும் முன்னிறுத்திக் கூடலாம்; அந்தத் தயக்கத்தையும் அவர்களே எழுந்து வெளிப்படையாகச் சொல்ல இடம் தர வேண்டும்.

‘எங்கள் உபதேசம் நீர்த்துப்போகும்’ என்ற அச்சம் நேர்மையானவர்களிடமும் இருக்கிறது; அதை ஏளனம் செய்வது தவறு. 1952இல் அதே லுண்ட் நகரில் கூடிய ‘விசுவாசமும் ஒழுங்கும்’ என்ற திருச்சபை ஒன்றிப்பு இயக்கத்தின் மாநாடு, ஆழமான நம்பிக்கை வேறுபாடுகள் தனித்துச் செயல்படக் கட்டாயப்படுத்தும் காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் திருச்சபைகள் சேர்ந்து செயல்பட வேண்டாமா என்று கேட்டது. யாரும் தன் உபதேசத்தை விட்டுக்கொடுக்கும்படி அது கேட்கவில்லை. நோயாளிகளைச் சந்திப்பது, சிறைவாசிகளின் குடும்பங்களைத் தாங்குவது, பேரிடர் நேரத்தில் உதவுவது ஆகியவற்றில் எந்த உபதேசம் நம்மைப் பிரிக்கிறது? இவற்றைத் தனித்தனியாகச் செய்வதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பொறுமையும் வேண்டும். 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், தியாகமும் தொண்டும் தந்தீர்கள், எங்களுக்கு நட்பையும் தாருங்கள் என்று மேலை மிஷனெரிகளிடம் வேண்டிய இந்திய ஆங்கிலிக்கன் குரு வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1919இல் தரங்கம்பாடியில் திருச்சபை ஒன்றிப்புக்கான அறிக்கையை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் இணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. இருபத்தெட்டு ஆண்டு உழைப்பின் பலனை மற்றவர்கள் கண்டார்கள்.

தங்கள் இதழின் வழியே திருச்சபைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாட்காட்டி வேறுபாட்டால் மேற்கத்தியத் திருச்சபைகளும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் பல ஆண்டுகளில் வெவ்வேறு ஞாயிறுகளில் ஈஸ்டரைக் கொண்டாடுகின்றன. கி.பி. 325இல் திருச்சபை ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டான 2025இல் இரண்டும் ஏப்ரல் 20ஆம் நாளில் ஒன்றுபட்டன. அடுத்து 2028 ஏப்ரல் 16ஆம் நாள் மீண்டும் ஒன்றாக வருகிறது. அந்த உயிர்ப்பு ஞாயிறின் அதிகாலை வழிபாட்டுக்கு, எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆயர்களோடு பெண்களும் இளைஞர்களும் அடங்கிய குழுவை ஒவ்வோர் ஊரிலும் இப்போதே அமைக்கலாம். அதே குழு, அதுவரை சேர்ந்து ஏற்று நடத்தும் ஒரு தொண்டையும் தேர்ந்தெடுக்கட்டும். அத்தகைய குழுக்கள் அமையும்போது, விழா மேடையின் புகைப்படத்திற்கு ஒதுக்கும் இடத்தை அவர்களுடைய பணிக்கும் தாங்கள் ஒதுக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்