துணைவேந்தர் அவர்களுக்கு: தமிழுக்கு ஒரு விரிவுரையாளர் வேண்டும்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிமன்றக் குழுவினருக்கும் வணக்கம்.

தமிழ் கற்பித்தல் தங்கள் வளாகத்தில் எப்படி நின்றுபோனது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதை மறுபடி கிளற நான் வரவில்லை. சென்ற மாதம் தங்கள் ஆய்வு மாணவி ஒருவர் ஒரு பழைய நோட்டுடன் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் வீட்டுக்கு வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அது கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்த அவருடைய முன்னோர் ஒருவர் எழுதிய கடன் கணக்கு. புள்ளி வைக்காத கையெழுத்து. வரி பிரிக்காமல் பெயரும் தொகையும் தொடர்ந்து ஓடுகின்றன. படித்துச் சொல்லப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் இல்லாததால், கைப்பணம் கொடுத்து வெளியாள் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்திருக்கிறார். ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் நின்ற ‘௮’ தமிழ் எண் எட்டு என்று அறியாத மொழிபெயர்ப்பாளர், அதை ‘அ’ என்று படித்து, அடுத்த பெயரின் தலைப்பெழுத்தாகச் சேர்த்துவிட்டார். ஒப்பந்தத்தின் முதலாண்டில் ஆண்களுக்கே மாதக் கூலி பத்து ஷில்லிங்காக இருந்த காலத்தில் அந்தப் பெண் பட்ட எட்டு ஷில்லிங் கடன் ஆய்வேட்டிலிருந்தே மறைந்துபோனது. நெறியாளருக்குத் தமிழ் தெரியாது. பிழையைப் பிடிக்க ஆளில்லை. என் அடுக்களை மேசையில் அமர்ந்து அந்த மாணவி இரண்டு அத்தியாயங்களைச் சிவப்பு மையால் அடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலான ‘ட்ரூரோ’ டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ 1,52,000 பேரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். அவர்கள் தம் கையால் எழுதியதைப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லாமல் இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வரலாற்றை ஆராய முடியும் என்று எப்படி நம்புகிறீர்கள்? தமிழுக்கு ஒரு விரிவுரையாளர் பணியிடம் தாருங்கள்.

இங்குள்ள சூலு மக்களின் மொழியான இசிசூலுவுக்குரிய முதன்மையில் எங்களுக்கு மறுப்பில்லை. 1996ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை மதித்து வளர்க்கச் சொல்கிறது. 2014இல் பள்ளிப் பாடத்திட்டத்திலும் தமிழ் மீண்டும் இடம்பெற்றது. கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்குவது யார்? வெளியாகும் கட்டுரைகளைக் கணக்கிட்டு அரசு மானியம் தரும் முறையில், ஒரு நோட்டைப் படிக்க ஆண்டுக்கணக்கில் உழைப்பவருக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. வரும் பிப்ரவரியில் கல்வியாண்டு தொடங்குமுன் அந்த ஒரு பணியிடத்தை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தாங்கள் இசைந்தால், சனிக்கிழமைதோறும் நூலகத்துக்கு வந்து மாணவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன், ஊதியம் வேண்டாம். எனக்கு வயது எழுபத்தொன்று.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழாசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்