பார்த்துக்கலாம்மா

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "பையன் பக்கத்திலேயே இருக்கலாமென்று பெரம்பூரில் வீடு பார்க்கப் போகிறோம், புரோக்கர் இல்லாமல் முடியுமா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒரே வரியில் பதில் இருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். நாங்கள் போன ஆவணியில்தான் கிரயம் முடித்தோம், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

புரோக்கர் இல்லாமல் நாங்களும் முயன்றோம். இணையத்தில் "உரிமையாளர் நேரடி விற்பனை" என்று போட்டிருந்த நாலு வீட்டுக்கு போன் செய்தோம், நாலிலும் எடுத்தது புரோக்கர். இங்கே விற்கிறவர்கள் பலகை மாட்டுவதில்லை. டீக்கடையிலோ இஸ்திரி வண்டியிலோ ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள், அது புரோக்கர் காதுக்குப் போய்ச் சேரும். அதனால் ஆள் வேண்டும்தான். ஆனால் அவர் யாருக்காக ஓடுகிறார் என்று தெரிந்துகொண்டு கூட நட. விற்கிறவரிடம் ஒரு சதவீதம், வாங்குகிறவரிடம் ஒரு சதவீதம், அதுவும் கிரயம் முடிந்தால்தான் கைக்கு வரும். கிரயம் நடக்காவிட்டால் அத்தனை நாள் அலைந்த பெட்ரோல் காசுகூட அவருக்குத் தேறாது. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து "இந்த வீடு வேண்டாம்மா" என்று வருமா, நீயே யோசி.

முதலில் ஒரு புரோக்கர் பையன் மாட்டினான். எந்த வீட்டைக் காட்டினாலும் "மெட்ரோ வருது மேடம்" என்பான். வருகிறதுதான், மாதவரத்திலிருந்து மூலக்கடை, பெரம்பூர் வழியாக இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது, ஆனால் வராத ரயிலுக்கு நான் ஏன் இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டும்? என் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்றும் சொன்னான். அதுவும் நிஜம்தான், 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிவு செய்தால் அந்தச் சலுகை உண்டு, ஆனால் 10 லட்சத்துக்குள் இருக்கிற சொத்துக்குத்தான். பெரம்பூரில் 10 லட்சத்துக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைத்தால் எனக்கும் சொல்லு.

அவன் வியாசர்பாடிப் பக்கம் ஒரு வீடு காட்டினான், நல்ல வெளிச்சம், மொட்டை மாடி, விலையும் குறைவு. காட்டிய நேரம் காலை பதினொரு மணி. எனக்கு என்னவோ தோன்றி, சாயங்காலம் நான் மட்டும் தனியாகப் போய்த் தெருமுனையில் நின்றேன். காற்று திரும்பியிருந்தது. கொடுங்கையூர் குப்பைமேடு எத்தனை தூரம் என்று மூக்கு சொல்லிவிட்டது. இஸ்திரி போடுகிறவரிடம் 2023 டிசம்பர் புயல் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை, வண்டிச் சக்கரத்துக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். பையனிடம் மறுநாள் கேட்டால், "அது அந்த ஒரு வருஷம்தான் மேடம், அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றான்.

இந்தப் "பார்த்துக்கலாம்" இருக்கிறதே, இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் புரோக்கரிடம் நீளமாகப் பதில் இருக்கும், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் இந்த ஒரு வார்த்தை வந்து விழும். அது விழுந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன், காகிதம் வரும்வரை நகர மாட்டேன்.

அடுத்து வந்தவர் ஒரு பெரியவர், பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் டிவிஎஸ் 50-இல் சுற்றுகிறவர். இப்போது நாங்கள் இருக்கிற வீட்டைக் காட்டியவர் அவர்தான். முதல் மாடி, இரண்டு படுக்கையறை, 58 லட்சத்துக்குப் படிந்தது. 850 சதுர அடி என்றார், நான் டேப் வைத்து அளந்தால் உள்ளே 640தான். படிக்கட்டு, நடைபாதை, சுவர் எல்லாம் சேர்த்துச் சொல்வது வழக்கமாம், சரி. அடிமனையையும் கேட்டுக்கொள். ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, ஆறு ஒரே அளவு வீடு என்றால் ஆளுக்கு 400 சதுர அடி பிரிபடாத பங்கு, அதாவது தனியாகப் பிரித்துக் காட்டாத மனைப் பங்கு, வர வேண்டும். பத்திரத்தில் அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் யாரிடம் இருக்கிறது என்று கேள். ரெரா என்கிற வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்று உன் வீட்டுக்காரர் சொல்வார், அவர் எதற்கும் சட்டம் சொல்கிறவர். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையோ எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ அந்தப் பதிவுக்குள் வராது. நம் பக்கத்து ஒரு கிரவுண்டு அடுக்குமாடி எல்லாமே அந்த ஓட்டையில் நழுவிவிடும், பழைய வீட்டை மறுவிற்பனைக்குக் காட்டுகிற டீக்கடைப் புரோக்கரும் அப்படியே.

இனிமேல்தான் கதை. வீடு ஒருவர் சுயமாக வாங்கியது, அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். விற்க வந்தது மனைவியும் இரண்டு மகன்களும். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நாலாவதாக ஒரு மகள். "அந்தப் பொண்ணுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, கையெழுத்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றார் நம் புரோக்கர். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டேன். நகை வேறு, பங்கு வேறு. உயில் இல்லாத அப்பா சொத்தில் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகக் காலே காலாகத்தான் பங்கு. அந்தப் பெண் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நான் வாங்குவது முக்கால் வீடு, கூடவே ஒரு வழக்கு.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அண்ணன்மார் இரண்டு பேரும் தங்கச்சியிடம் பேசவே தயங்கினார்கள், கூடூருக்கு ரயிலேறிப் போய் அந்தப் பெண்ணிடம் பேசியவர் இதே புரோக்கர்தான். இரண்டு தடவை போனார். பதிவு அன்று அவள் வந்தாள், தன் பங்கு பதினாலரை லட்சத்துக்கு, வரி பிடித்தது போக, தனி டிடி கேட்டு வாங்கினாள். அம்மாவும் பெண்ணும் சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் அக்கம்பக்கம் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததைப் பார்க்க எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்குப் பேசிய விலையில் இதெல்லாம் சேர்த்தியா என்ன.

பணக் கணக்கு சுருக்கமாக. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒன்பது சதவீதம், எங்களுக்கு 5 லட்சத்து 22 ஆயிரம். "கொஞ்சம் கையில கொடுத்துட்டு பத்திரத்துல குறைச்சுப் போடலாம்மா" என்று கேட்பார்கள், நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, பேங்க் கடன் வேறு இருந்தது. அப்புறம் 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் விற்கிறவருக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு சதவீதம் பிடித்து வருமான வரிக்கு நாம்தான் கட்ட வேண்டும். ஆளுக்குப் பதினாலரை லட்சம்தானே, வேண்டியதில்லை என்றார் புரோக்கர். முன்பு அப்படி வாதாடுவார்களாம், 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலைதான் கணக்கு என்று ஆடிட்டர் சொல்லி, நாலு பேர் பெயரிலும் தனித்தனியாகக் கட்டினோம். மொத்தம் 58 ஆயிரம். புரோக்கர் கமிஷனும் அதே 58 ஆயிரம். கூடூர் ரயிலை நினைத்து நான் பேரம் பேசவில்லை.

வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்பதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், உன் பையனை விட்டுப் பார்க்கச் சொல். வக்கீலை மட்டும் நீயே பிடி, புரோக்கர் கூட்டி வருகிற வக்கீல் வேண்டாம். வீட்டைப் பார்த்த ஜோரில் டோக்கன் அட்வான்ஸ் என்று போனில் பணம் அனுப்பிவிடாதே, பத்தாயிரமானாலும்.

ஐப்பசியில் வா, ஒரு வாரம் இருக்கிற மாதிரி. மழை பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது, குடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கலாம். பெரியவர் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். போன் செய்தால் முதல் கேள்வி "சார் வரலையாம்மா?" என்றுதான் கேட்பார். சார் பொன்மலையில் சமைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லு.

அன்புடன்,
மீனா