சனி ஞாயிறுகளைத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பிரிட்டிஷ் விமானப் படையின் ஒரு பிரிவான கிளாஸ்கோ நகரத்தின் 602-ஆம் ஸ்குவாட்ரனைப் பற்றி நான் தமிழில் எழுதிய சின்னப் புத்தகம் போன வாரம் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. நான்கு வருடமாக உங்கள் ஓய்வு நாட்களை எடுத்து என்னிடம் தந்தவர்கள் நீங்கள். உங்களில் பலர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பெயர் சொல்லாமலே இந்த மடலை எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் கிளாஸ்கோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறேன். தினமும் நான் நடக்கிற இந்தத் தரைக்கு ஆபட்ஸின்ச் என்று பெயர் இருந்ததும், 1933-இலிருந்து 602 இங்கேதான் குடியிருந்தது என்பதும் எனக்குத் தெரியவே தெரியாது. தெரிய வைத்தவள் என் மகள். கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் மேலே ஸ்பிட்ஃபயர் என்ற பழைய போர் விமானம் ஒன்று தொங்குகிறது. எண் எல்ஏ198. அப்போது அவளுக்கு ஏழு வயது. யானையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்து, "அப்பா, இது யாரோட பிளேன்?" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பாப்பா, முதல் நன்றி உனக்கு.

இது யாருடைய விமானம் என்று தேடப் போனதில்தான், அது 602-இடம் இருந்தது என்று தெரிந்து, துணை விமானப் படையின் கதை கிடைத்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப் படையைத் தனித்து நிலைநிறுத்தப் பாடுபட்ட டிரென்சார்டின் யோசனை அது. முழுநேரப் படை போக, ஊர் ஊராகப் பொதுமக்களைச் சேர்த்து, வாரம் முழுக்க அவரவர் தொழில், சனி ஞாயிறு விமானம், கோடையில் இரண்டு வாரம் முகாம் என்று ஒரு படை. 1924-இல் அதற்குச் சட்டம் வந்தது. 1925 செப்டம்பரில் கிளாஸ்கோ பக்கத்து ரென்ஃப்ரூவில் தொடங்கிய 602-தான் அந்த வகையில் முதல் ஸ்குவாட்ரன். பழைய டிஎச்9ஏ இரட்டை இறக்கை விமானத்தில் ஆரம்பித்தார்கள். பதினான்கு வருடம் கழித்து, 1939 மே மாதம், துணைப்படையில் ஸ்பிட்ஃபயர் கிடைத்த முதல் ஸ்குவாட்ரனும் இவர்கள்தான்.

முழுநேரப் படைக்காரர்கள் இவர்களை ஞாயிற்றுக்கிழமை விமானிகள் என்று இளக்காரமாகப் பார்த்த காலம் உண்டு. ஆனால் 1940-இல் ஜெர்மானிய விமானப் படைக்கு எதிராக நடந்த பிரிட்டன் வானச் சண்டையில் நின்ற ஸ்குவாட்ரன்களில் 14 துணைப்படையைச் சேர்ந்தவை. 602-இன் ஆர்ச்சி மக்கெல்லர் பெய்ஸ்லியில் பிறந்தவர், சுவர் பூச்சு வேலை கற்றுக்கொண்டவர். அதே ஸ்குவாட்ரனின் ஜார்ஜ் பிங்கர்ட்டன் விவசாயி. பக்கத்து ஊர் எடின்பரோவின் 603-இல் இருந்த பேட் கிஃபர்ட் வக்கீல். 1939 அக்டோபர் 16 மதியம், ஃபோர்த் பாலத்துக்கு அருகே நின்ற போர்க் கப்பல்களைத் தாக்க ஜெர்மானிய யூ88 குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது, எழும்பிப் போய் மறித்தது இந்த இரண்டு வாரக்கடைசி ஸ்குவாட்ரன்கள்தான். அன்று எச்சரிக்கைச் சங்குகூட ஊதவில்லை. ஒரு விமானத்தை வக்கீல் கிஃபர்ட் வீழ்த்தினார். தாக்குதலுக்குத் தலைமை தாங்கி வந்த ஹெல்முட் போலேயின் விமானத்தைப் பிங்கர்ட்டனும் மக்கெல்லரும் கடலில் இறக்கினார்கள். முதலில் வீழ்த்தியது நாங்களா நீங்களா என்று கிளாஸ்கோவும் எடின்பரோவும் இன்றுவரை வழக்காடுகின்றன. அந்த நாளின் நேரக் கணக்கை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்க்க, பழைய செய்தித்தாள் சுருள்களைச் சலிக்காமல் எடுத்துத் தந்த நூலக அம்மாவுக்கு நன்றி. மூடும் நேரம் தாண்டியும், "இன்னும் ஒன்று பார்த்துவிடுங்கள்" என்று சொல்லி விளக்கை அணைக்காமல் நின்றீர்கள்.

இந்த அத்தியாயத்தைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். மெய்ப்புப் பார்த்துத் தந்தவர் தூத்துக்குடியில் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் நடத்திய டீச்சர். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஒற்றுப்பிழைகளைத் திருத்துவார் என்றுதான் அனுப்பினேன். அவர் சிவப்பு மையில் வேறொன்றை வட்டமிட்டிருந்தார். பிரிட்டிஷ் விமானி வரும் இடத்திலெல்லாம் "பறந்தார், சுட்டார்" என்று எழுதியிருந்தேன். ஜெர்மானியர் வரும் இடத்தில் "வந்தான், விழுந்தான்." எனக்கே தெரியாமல் கை அப்படி எழுதியிருக்கிறது. ஓரத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: "இவங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைங்கதானே ஐயா? மரியாதையை ஏன் குறைச்சே?" அன்று இறந்த ஜெர்மானிய விமானப் படையினரை எடின்பரோவில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள் என்று அதே பக்கத்தின் கீழே நானே எழுதியிருந்தேன்! புத்தகம் முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். போலே "விழுந்தார்" என்று ஆனதும் அந்த அத்தியாயத்தின் குரலே வேறாகிவிட்டது. டீச்சர், உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

அப்புறம் தகரப் பெட்டி. அதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

602-இல் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கவனிக்கும் பணியாளராக இருந்த ஒருவரின் மகளைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போனேன். வெள்ளைக்கார அம்மா, எண்பது தாண்டியவர். தேநீர் கொடுத்துவிட்டு, அப்பாவின் புகையிலைத் தகர டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு சிவப்புத் துணித் துண்டு. தீப்பெட்டி அளவுகூட இல்லை. ஒரு பக்கம் கருகி, நார் நாராகப் பிரிந்திருந்தது.

ஸ்பிட்ஃபயரின் இறக்கைகளில் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. விசையை அழுத்தினால் எல்லாம் சுமார் 15 வினாடியில் தீர்ந்துவிடும். குழல்வாய்க்குள் ஈரமும் தூசியும் போகாமல், உயரத்தில் உறைந்துபோகாமல் இருக்க, முன்பக்கத் துளைகளின் மேல் பசை தடவிய துணியை ஒட்டுவார்கள். முதல் தோட்டா அதைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். விமானம் திரும்பி வரும்போது துணி முழுசாக இருந்தால் சண்டை நடக்கவில்லை. கிழிந்திருந்தால் நடந்திருக்கிறது. துளைகளில் காற்றுப் புகுந்து விசில் மாதிரி சத்தம் வரும். தரையிறங்கும் முன்பே கீழே நிற்பவர்களுக்கு அது கேட்டுவிடும். 1940 ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை தெற்கே வெஸ்ட்ஹாம்ப்நெட்டில் 602 நின்ற நாட்களில், அந்த அம்மாவின் அப்பா வானத்தைப் பார்த்ததில்லையாம். காதைத்தான் தீட்டிக்கொண்டு நிற்பாராம். விசிலை எண்ணுவார். புறப்பட்ட எண்ணிக்கையோடு திரும்பிய எண்ணிக்கை ஒத்துவந்தால்தான் டீ குடிப்பார்.

நானும் தரையில் நின்று விமானத்தைக் கவனிக்கிறவன். என் வேலை வேறு, அவர் வேலை வேறு. ஆனாலும் அந்தத் துணியைத் தொட்டபோது கை நடுங்கியது. அதுவரை என் கைப்பிரதியில் விமானிகள் மட்டும்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து முதலிலிருந்து எழுதினேன். இயந்திரம் பார்த்த ஃபிட்டர், விமானத்தின் உடலைப் பார்த்த ரிக்கர், ஆர்மரர், சமையல்காரர், பாரஷூட் மடித்தவர்கள் என்று எல்லோரும் உள்ளே வந்தார்கள். அம்மா, இந்தப் புத்தகத்தின் பாதி உங்கள் டப்பாவிலிருந்து வந்தது.

மக்கெல்லரின் முடிவையும் அந்த அம்மா சொன்ன தொனியில்தான் எழுதியிருக்கிறேன். இன்னொரு துணைப்படை ஸ்குவாட்ரனான 605-க்குத் தலைவராகப் போன மக்கெல்லர், 1940 அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவு இருக்கிறது. நவம்பர் 1-ஆம் தேதி இறந்தார். பிரிட்டன் வானச் சண்டையின் அதிகாரபூர்வக் கணக்கு அக்டோபர் 31-உடன் முடிகிறது. அதனால் அந்தச் சண்டையில் உயிர் கொடுத்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒரே ஒரு நாள். "எங்க அப்பா சாகிறவரை இதைச் சொல்லிச் சொல்லி மனசு ஆறாமப் புலம்புவார்" என்றார் அந்த அம்மா. எனக்கும் ஆறவில்லை.

பீகாரில் வங்கி வேலை பார்க்கும் ராஜபாளையத்துத் தம்பிக்கு. உன்னை நான் நேரில் பார்த்ததே இல்லை. பூர்ணியாவில் தமிழ் ஆள் யாராவது இருக்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு, "நான் இருக்கேன் அண்ணே, என்ன செய்யணும்?" என்று ஒரே வரியில் பதில் போட்டாய். 1933 ஏப்ரல் 3 அன்று மனிதர்கள் முதன்முதலாக எவரெஸ்ட்டுக்கு மேலே பறந்தது உன் ஊர்ப் பக்கத்து லால்பாலு மைதானத்திலிருந்துதான். இரண்டு விமானங்கள். ஒன்றை ஓட்டியவர் 602-இன் தலைவர் கிளைட்ஸ்டேல் பிரபு. மற்றொன்றை ஓட்டியவர் அதே ஸ்குவாட்ரனின் டேவிட் மக்கின்டயர். இரண்டு பேரும் வாரக்கடைசிப் படைக்காரர்கள். மக்கின்டயருக்குப் பின்னால் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்த பானெட், தவறுதலாகத் தன் பிராணவாயுக் குழாயை மிதித்துவிட்டார். குழாயில் விரிசல். கைக்குட்டையை எடுத்து அதைச் சுற்றிக் கட்டிவிட்டு அப்படியே மயங்கிச் சாய்ந்தார். விமானம் கீழே இறங்கி வந்தபோதுதான் நினைவு திரும்பியது. சமவெளியின் புழுதி மூட்டம் அன்று வெகு உயரம்வரை மலையை மறைத்திருந்தது. அந்தப் புழுதி எப்படி இருக்கும் என்று தூத்துக்குடிக்காரனான எனக்குப் பிடிபடவில்லை. நீ ஒரு ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய், வடக்கே பார்த்து நின்று, இரண்டு நிமிட வீடியோ அனுப்பினாய். மலையும் இல்லை, அடிவானமும் இல்லை, பால் கலந்த டீ மாதிரி ஒரு நிறம் மட்டும்தான். புத்தகத்தில் அந்த உவமை இருக்கிறது. அது உன்னுடையது, தம்பி.

ரோமல் விஷயத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய நண்பருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1944 ஜூலை 17 அன்று நார்மண்டியில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் காரைச் சுட்டது 602-இன் லெ ரூதான் என்று அடித்து எழுதியிருந்தேன். "வேறு ஸ்குவாட்ரன்களும் அதற்கு உரிமை கேட்கின்றன, உன் ஆசைக்காகத் தீர்ப்பு எழுதாதே" என்றீர்கள். கோபம் வந்தது, உண்மைதான். இப்போது அந்த இடத்தில் இரண்டு தரப்பும் இருக்கின்றன. 1945 தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஜெர்மானியரின் வி2 ஏவுகணைத் தளங்களின் மேல் 602-காரர்கள் குண்டு போட்டதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். இன்னொரு பதிப்பு வந்தால் விரிப்பேன்.

கடைசி அத்தியாயத்துக்கு உதவியவர் ஒரு தாத்தா. 1957-இல் வாம்பயர் ஜெட்டுக்கு ஃபிட்டராக இருந்தவர். அப்போது அவருக்கு இருபத்தொன்று. அந்த வருடம் மார்ச் 10-ஆம் தேதி துணைப்படையின் பறக்கும் ஸ்குவாட்ரன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கலைத்தார்கள். செலவு அதிகம், ஜெட் யுகத்தின் விமானங்கள் வாரக்கடைசிப் பயிற்சிக்கு அடங்காது என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருட வீட்டைப் பூட்டிய விதம் எனக்குப் பொறுக்கவில்லை. 2006-இல் 602 என்ற எண் திரும்ப வந்தது, ஆனால் விமானம் இல்லாத ஆதரவுப் பிரிவாக. தாத்தா அன்றைய கடைசி மாலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஸ்பேனர்களை எண்ணி ஒப்படைத்ததாகவும், ஒன்று குறைந்ததாகவும், பொழுது சாயும்வரை எல்லோரும் சேர்ந்து அதைத் தேடியதாகவும் மட்டும் சொன்னார். கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

முன்பணம் வாங்கிக்கொண்டு எட்டு மாதம் இழுத்தடித்த ஒரு அச்சகத்தால் வேலை நின்றுபோனபோது, ஊரில் நேரில் போய்ப் பேசி, வேறு அச்சகம் பார்த்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு நன்றி. புத்தகக் கட்டுகள் வந்து இறங்கத் தன் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளைத் தள்ளி இடம் செய்து தந்த யாழ்ப்பாணத்து அண்ணைக்கு நன்றி. "போர் எண்டால் எங்களுக்குத் தெரியும் தம்பி, விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் பங்கருக்குள்ள ஓடின ஆக்கள். ஆனாலும் நீ எழுது" என்றீர்கள். அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டுதான் குண்டு விழுந்த பக்கங்களை எழுதினேன். எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட பெட்டிப் பிரிவுத் தோழர்கள் எல்லோருக்கும், நான்கு வருடம் சனிக்கிழமைச் சந்தையைத் தனியாகச் சமாளித்த என் மனைவிக்கும் நன்றி.

புத்தகம் வந்த மறுநாளே ஆர்மரரின் மகள் வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. பக்கம் பக்கமாகத் திருப்பிப் படங்களைப் பார்த்தார். துணித் துண்டின் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பேனாவை வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்து, அப்பாவின் பெயரை உங்கள் எழுத்தில் முதல் பக்கத்தில் எழுதுங்கள் என்றார். எழுதினேன். எது முதல் எழுத்து, எது கடைசி எழுத்து என்று கேட்டு, விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கிளாஸ்கோ நண்பன்