செலவழிப்பதும் செலவிடுவதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பிள்ளை வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். அதன் கருத்துகளோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 'குழந்தைகளுக்காக நேரத்தைச் செலவழியுங்கள்' என்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அதே இதழில் விளையாட்டு வீரர் உழைப்பைச் செலவழிக்கிறார், குளிர்சாதனப் பெட்டி மின்சாரத்தைச் செலவழிக்கிறது, அரசு நிதியைச் செலவழிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனியே சொல் இருக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டு நிரப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'செலவு' என்றால் போவது. அவ்வளவுதான். தொல்காப்பியம் 'செலவினும் வரவினும்' என்று சொல்வது போவதையும் வருவதையும்தான். சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் புறப்படுவது செலவு. தலைவியை நினைத்து அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவது செலவழுங்குதல். பொருள் ஈட்டக் கிளம்புவதற்கே அன்று அந்தப் பெயர் என்பதைக் கவனியுங்கள்! கணக்கில் வரவு, செலவு என்று எழுதும்போதும் காசு வந்தது, போனது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எந்தக் குறைகூறலும் இல்லை. யாரும் வாங்க மறுக்கும் செல்லாக்காசிலும் இருப்பது இதே 'செல்'தான். அதையே பிறவினையாக்கினால் 'செலுத்து'. வரி செலுத்துகிறோம், வண்டி செலுத்துகிறோம், கவனம் செலுத்துகிறோம், அன்பு செலுத்துகிறோம். நாமாக விரும்பி ஒன்றை ஒரு திசையில் போகவைக்கிறோம் என்ற பொருள் இவை எல்லாவற்றிலும் இருக்கிறது.

'செலவழி'யில் மட்டும் ஓர் 'அழி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சில் 'இருந்த காசையெல்லாம் அழிச்சிட்டான்' என்கிறோமே, அந்த அழி. கையிலிருந்து போன பணம் திரும்பாது, ஆகவே பணத்துக்கு அது பொருந்தும். வழக்கிலும் நிலைத்துவிட்டது, சரி. பிள்ளையோடு பேசிச் சிரித்த நேரம் அழிந்த நேரமா? 'நேரம் ஒதுக்குங்கள்', 'நேரம் செலவிடுங்கள்' என்று எழுதலாம். இன்னும் எளிதாக, 'குழந்தைகளோடு இருங்கள்' என்றாலே போதும்.

ஆற்றல் விஷயத்தில் இது வெறும் நடை பற்றிய பேச்சும் அல்ல. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றாக மாறும் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். விளக்குக்குப் போன மின்சாரம் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. எனவே மின்சாரம் 'செலவாகிறது' என்பது அறிவியலுக்கும் ஒத்த சொல். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போது உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைச் 'செலவழிக்கிறது' என்று எழுதினால் மூளை ஏதோ ஊதாரித்தனம் செய்வதுபோல் இருக்கிறது.

ஊதாரித்தனம், விரயம், தண்டச்செலவு, தாராளம், சிக்கனம், கஞ்சத்தனம் ஆகியவை செலவைச் சொல்வதோடு தீர்ப்பும் சொல்லிவிடும் சொற்கள். ஒருவருடைய சிக்கனம் அடுத்தவர் கண்ணுக்குக் கஞ்சத்தனம். செய்தியில் இவற்றைக் கையாளும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

உழைப்புக்கு வருகிறேன். என் முக்கியமான கோரிக்கை இதுதான். உழைப்பைக் கொட்டுகிறோம், பாடுபடுகிறோம், மெனக்கெடுகிறோம். இவற்றில் 'மெனக்கெடு' என்பதைப் பேச்சுச்சொல் என்று ஒதுக்கி, 'சிரமம் எடுத்து' என்று மாற்றி அச்சிடும் பழக்கம் பல இதழ்களில் இருக்கிறது. அது 'வினைக்கெடு' என்பதன் மரூஉ. தன் வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று இன்னொன்றுக்காக நிற்பது. ஈழத்துப் பேச்சில் 'மினக்கெடாமல் வா' என்றால் நேரத்தை வீணாக்காமல் வா என்று பொருள். வேலை கெடுகிற பழைய பொருள் அங்கே அப்படியே இருக்கிறது. நமக்கோ அது அக்கறையோடு பாடுபடுவதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. உழைப்பையும், அதற்காக இழந்த வேறொரு வேலையையும் சேர்த்தே சொல்லும் இந்தச் சொல்லுக்கு 'சிரமம்' ஈடாகாது. எழுதுபவர்கள் 'மெனக்கெட்டு' என்று எழுதி அனுப்பினால், தயவுசெய்து திருத்தாமல் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்