கிண்டலுக்கு வேறு சரக்கே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐபிஎல் வந்துவிட்டால் சென்னை ரசிகர்களும் பெங்களூரு ரசிகர்களும் மோதிக்கொள்வது சகஜம்தான், கிண்டல் இல்லாத கிரிக்கெட் சப்பென்று இருக்கும், அதை நானும் ரசிப்பேன். ஆனால் சமூக வலைதளங்களில் எதிரணி வீரருக்குச் சேலை கட்டிப் படம் போடுவதும், இரண்டு பேர் கட்டிப்பிடித்தால் உடனே ஓரினச்சேர்க்கை என்று நக்கலடிப்பதும்... இதில் கிரிக்கெட் எங்கே இருக்கிறது?

2015 உலகக் கோப்பை அரையிறுதியில் கோலி 1 ரன்னில் அவுட்டானதற்கு, சிட்னி மைதானத்தில் சும்மா உட்கார்ந்து ஆட்டம் பார்த்த அவருடைய காதலி, நடிகை அனுஷ்கா சர்மாவைத் திட்டித் தீர்த்தார்கள். 2020-இல் சென்னை கொல்கத்தாவிடம் தோற்றதும் தோனியின் ஐந்து வயது மகளுக்குப் பாலியல் மிரட்டல்! கடைசியில் போலீஸ் பிடித்தது குஜராத்தில் ஒரு 16 வயதுப் பையனை. அவனுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? பெரியவர்கள் எழுதுவதைப் படித்துத்தானே.

தனக்கு ஒரு பெண்ணோடு உறவு இருப்பதாக ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் 2019-இல் துணிந்து சொன்னார். இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு ஆண் கிரிக்கெட் வீரர் அப்படி வாய் திறப்பாரா?

ரசிகர் குழுக்களை நடத்தும் அட்மின்கள் இப்படி எழுதுகிறவர்களைத் தயங்காமல் வெளியே தள்ளட்டும். அப்புறம், பத்திரிகைகளும் ‘நெட்டிசன்கள் கலாய்’ என்று இதே மீம்களை எடுத்துப் போடுவதை நிறுத்தினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கிரிக்கெட் ரசிகை, திருச்சி